பெடலுக்கு ரப்பர்ச் சட்டையா, உலோகச் சட்டையா?

நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சற்றே குனிந்து கீழே பாருங்கள். மூன்று பெடல்கள் வரிசையாகத் தெரியும். இடப்புறம் கிளட்ச், நடுவில் பிரேக், வலப்புறம் ஆக்ஸிலரேட்டர். கியர் தானாகவே மாறும் வண்டியானால் கிளட்ச் இராது. இரண்டு பெடல்கள்தாம் இருக்கும். கிளட்சின் மேலும் பிரேக்கின் மேலும் பள்ளங்கள் வரிவரியாக ஓடும் கறுப்பு ரப்பர் உறை ஒன்று மாட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

பல இலட்சம் ரூபாய் விலையுள்ள வண்டியில் இந்த ரப்பர் உறை மிகவும் மலிவான பொருள்களுள் ஒன்று. பார்வைக்கும் அழகில்லை. ஆகவே, புதிதாகக் கார் வாங்கியவர்களுள் சிலர் இதன்மேல் பளபளக்கும் அலுமினியத் தகடுகளை மாட்டிக்கொள்ள விரும்புகிறார்கள். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் கார் அலங்காரப் பொருள் விற்கும் கடைகள் பல உண்டு. அத்தகைய கடைகளில் இந்தத் தகடுகள் மூன்று கொண்ட தொகுதியாகக் கிடைக்கின்றன. மாட்டுவதற்குச் சில நிமிடங்களே போதும். பந்தயக் கார்களில் இருப்பதைப் போன்ற தோற்றமும் வந்துவிடும்.

இதில் தவறு ஏதும் உண்டா? "வெறும் அலங்காரம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை காணுமுன் இன்னொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்தக் கறுப்பு ரப்பர் அங்கே எதற்காக இருக்கிறது?

இரும்பும் ரப்பரும் உப்பும்

இந்தக் கேள்வியை ஆராய வடசென்னை மிகப் பொருத்தமான இடம். இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குக் கடலோரமாகச் செல்லும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்திய மோட்டார்த் தொழிலின் வரலாற்றில் இந்தக் கரைக்குத் தனி இடம் உண்டு. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இணைத்து உருவாக்கியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் என்ற பெயர் பெற்று லாரிகளுக்கும் பஸ்களுக்கும் புகழ்பெற்றது. திருவொற்றியூரிலோ, 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். அந்தக் கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர்த் தொழிலாக வளர்ந்தது.

இரும்பும் ரப்பரும் இப்படி அருகருகே வளர்ந்த கரை இது. மூன்றாவதாக ஒரு பொருளும் இங்கே தாராளமாக உண்டு. அது கடற்காற்று சுமந்துவரும் உப்பு. இந்த மூன்றும் ஒரு காரின் பெடலில் சந்திக்கின்றன. எப்படி என்று காண்போம்.

காலின் பலம் பெருகும் விதம்

ஓடும் காரை நிறுத்துவதற்கு மிகுந்த விசை தேவை. மனிதக் காலால் மட்டும் அதைத் தர இயலாது. ஆகவே பொறியியலார் இரண்டு பழைய உண்மைகளைத் துணைக்கு அழைத்தார்கள். ஒன்று நெம்புகோல், மற்றொன்று பாஸ்கல் விதி.

பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். அதன் சுழலும் முனை மேலே இருக்கிறது. அந்த முனையிலிருந்து நாம் மிதிக்கும் இடம் 25 செ.மீ. தொலைவிலும், உள்ளே தள்ளப்படும் கம்பி 5 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் விசை 5 மடங்காகும். நீங்கள் 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் மிதித்தால் கம்பி 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் தள்ளும்.

இந்தக் கம்பி மாஸ்டர் சிலிண்டர் என்னும் குழாய்க்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அதன் பரப்பு 3 சதுர செ.மீ. என்றால், உள்ளிருக்கும் பிரேக் ஆயிலில் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 33 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். மூடிய நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. ஆகவே சக்கரத்தருகே உள்ள 18 சதுர செ.மீ. பிஸ்டனில் அது 600 கிலோகிராம் எடையின் அளவுக்கு அழுத்தும். 20 எங்கே, 600 எங்கே! இன்றைய கார்களில் மிதிக்கும் பளுவைக் குறைக்க இதனுடன் ஒரு துணைக் கருவியும் சேர்க்கப்படுகிறது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை பெருகினால் நகரும் தூரம் சுருங்கும். மேலே சொன்ன கணக்கில், பெடல் 5 செ.மீ. நகர்ந்தால் கம்பி 1 செ.மீ.தான் நகரும். ஆகவே பெடலின் ஒவ்வொரு மில்லிமீட்டர் நகர்வும் விலைமதிப்புள்ளது. பெடலுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் பாட்டில் உருண்டு வந்து சிக்கினாலும், தடித்த தரைவிரிப்பு மடிந்து நின்றாலும், இந்த நகர்வுதான் திருடப்படுகிறது.

இனி ஒன்றைக் கவனியுங்கள். நெம்புகோல், குழாய்கள், பிஸ்டன்கள் என்று இவ்வளவு நுட்பமாக அமைந்த சங்கிலிக்கு முதல் கண்ணி எது? உங்கள் செருப்பின் அடிப்பாகம் பெடலைத் தொடும் அந்தச் சிறிய இடம்தான். அங்கே கால் வழுக்கிவிட்டால் சங்கிலி முழுவதும் வீண்.

கால் ஏன் வழுக்குகிறது?

நேராக, செங்குத்தாக அழுத்தும்போது எந்தப் பரப்பிலும் கால் வழுக்காது. ஆனால் பெடல் நேர்கோட்டில் நகர்வதில்லை. மேலே உள்ள முனையைச் சுற்றி ஒரு வில்லைப் போல வளைந்து நகர்கிறது. அப்போது அதன் முகமும் சாய்ந்துகொண்டே போகிறது. குதிகாலோ தரையில் ஊன்றியிருக்கிறது. எனவே காலின் விசை பெடலின் முகத்தில் சற்றுச் சாய்வாகவே விழும். அவசரத்தில் காலைத் தூக்கி மிதிக்கும்போது இச்சாய்வு இன்னும் அதிகமாகும்.

சாய்வாக விழும் விசையில் ஒரு பகுதி பெடலை அழுத்தும்; மறுபகுதி காலைப் பக்கவாட்டில் இழுக்கும். இந்த இழுப்பைத் தாங்குவது உராய்வு ஒன்றே. எவ்வளவு சாய்வு வரை தாங்கும் என்பதை உராய்வுக் குணகம் என்ற எண் சொல்கிறது.

பொறியியல் அட்டவணைகளில் உலோகத்தின்மேல் தோலுக்குரிய குணகத்தைப் பாருங்கள். சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் ஏறத்தாழ 0.6. நனைந்திருந்தால் 0.4. எண்ணெய்ப் பசை இருந்தால் 0.2. இதைக் கோணமாக மாற்றினால், உலர்ந்த நிலையில் 31 டிகிரிச் சாய்வு வரை கால் நிற்கும். நனைந்தால் 22 டிகிரி வரை. எண்ணெய் பட்டால் 11 டிகிரி வரைதான். ரப்பர்ச் செருப்புக்கு எண்கள் வேறாக இருக்கும். ஆனால் உலர்ந்தது, நனைந்தது, எண்ணெய் பட்டது என்ற இறங்குவரிசை அதற்கும் பொருந்தும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறவரின் செருப்பை நினைத்துப் பாருங்கள். நீரும் மீனின் வழவழப்பும் அதில் ஒட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாலையில் தேங்கிய நீரில் நடந்து வந்து ஏறுகிறவரின் நிலையும் இதுவே. அவருக்கு எதிரே இருப்பது வழவழப்பான உலோகத் தகடு என்றால்?

கால் வழுக்கி, மீண்டும் பெடலைத் தேடி மிதிக்க அரை விநாடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அரை விநாடியில் 8 மீட்டருக்கு மேல். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளில் நீங்கள் பார்த்திருக்கும் 20 அடிக் கண்டெய்னரின் நீளம் 6 மீட்டர்தான். ஒரு கண்டெய்னரின் நீளத்தைவிட அதிகமான தூரத்தைப் பிரேக்கே இல்லாமல் கடந்துவிடுகிறோம் என்பது இதன் பொருள்.

ரப்பரின் இரகசியம்

ரப்பர் மரத்தின் பால், இயற்கை நிலையில் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும் பொருளையே தந்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் உறுதி பெறும் என்று கண்டார். நூல்களைப் போல நீண்டு கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் பாலங்களை அமைக்கிறது. அதனால் ரப்பர் இழுத்தால் நீளும். விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும்.

இந்தப் பண்பே பிடிப்புக்குக் காரணம். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் செருப்பின் அடியும் நுண்ணோக்கியில் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். உலோகம் விறைப்பானது, மேடுகளின் உச்சியை மட்டும் தொடும். ரப்பரோ வளைந்து பள்ளங்களுக்குள் இறங்கிப் பெரும்பரப்பைத் தழுவிக்கொள்ளும். அத்துடன், கால் நகர முயன்றால் ரப்பர் ஒவ்வொரு மேட்டின்மேலும் நசுங்கி நசுங்கி மீள வேண்டும். அதற்குச் செலவாகும் ஆற்றலும் வழுக்கலைத் தடுக்கிறது.

உறையின் பள்ளங்களுக்கும் வேலை உண்டு. காலுக்கும் பெடலுக்கும் நடுவே அகப்பட்ட நீர் மெல்லிய படலமாக நின்றால் இரண்டும் தொடவே தொடா. பள்ளங்கள் அந்நீரை வெளியேற்றிவிடுகின்றன. டயரின் பள்ளங்கள் சாலையில் செய்யும் அதே வேலைதான் இது. காரின் ஒரு முனையில் டயரும் மறுமுனையில் பெடல் உறையும் ஒரே தத்துவத்தில் பிடிப்பைக் காக்கின்றன.

"அப்படியானால் பந்தயக் கார்களில் மட்டும் உலோகப் பெடல் ஏன்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அங்கே எடையைக் குறைப்பது முக்கியம். பந்தய ஓட்டுநர் அதற்கென்றே செய்த மெல்லிய அடியுள்ள காலணி அணிந்திருப்பார். மீன் சந்தைக்குப் போய்விட்டு வந்து வண்டியில் ஏறுவதில்லை. தொழிற்சாலையிலேயே உலோகப் பெடலுடன் வரும் சாதாரணக் கார்களைப் பார்த்தால், உலோகத்தின் துளைகள் வழியாக ரப்பர்க் குமிழ்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிடிப்பைத் தருபவை அந்தக் குமிழ்களே. உலோகம் பார்வைக்கு மட்டும்.

சோப்பினால் வந்த வினை

வழுக்கல் ஓர் ஆபத்து என்றால், உறையே கழன்று போவது மற்றோர் ஆபத்து. இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் சைபர்டிரக் என்னும் தன் வண்டிகளில் 3,878-ஐத் திரும்ப அழைத்தது. ஆக்ஸிலரேட்டர் பெடலின் மேலிருந்த உறை கழன்று நகர்ந்து, மேலே உள்ள உட்புறப் பலகையில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதே காரணம். அப்படிச் சிக்கினால் காலை எடுத்தாலும் பெடல் மேலே வராது. உறையை எளிதில் மாட்டுவதற்காகத் தொழிற்சாலையில் சோப்பைத் தடவியிருக்கிறார்கள். அந்தச் சோப்பின் மிச்சம் பிடிப்பைக் குறைத்துவிட்டது. உறையை ரிவெட் அடித்துப் பெடலோடு பிணைத்தே குறையைத் தீர்த்தார்கள்.

பெரிய தொழிற்சாலையிலேயே ஒரு துளி சோப்பு இத்தகைய விளைவைத் தருமானால், கடை வாசலில் நின்றபடியே மாட்டும் தகட்டில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

தடிமனும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான கார்களில் பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. இந்த உயர வேறுபாட்டால்தான் உணர்கிறோம். ஒன்றில் தடித்த தகடும் மற்றொன்றில் மெல்லிய தகடும் மாட்டினால் கால் பழகிய கணக்கு மாறிவிடும். தகடு அகலமாக இருந்தால் இரு பெடல்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்கும். பிரேக்கை மிதிக்கும் செருப்பின் ஓரம் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து அழுத்தக்கூடும்.

கடற்காற்றின் கைவரிசை

இனி உப்புக்கு வருவோம். காற்றில் பட்ட கணத்திலேயே அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிவிடும். ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறளவுகூட இராத மெல்லிய படலம் இது. ஆனாலும் உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பது இதுவே. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் இப்படலத்தை அங்கங்கே துளைத்துவிடுகின்றன.

காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையும். மழை நாளில் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதேபோல் பெடலில் படிந்த உப்பும் கசிந்து, அலுமினியத் தகட்டையும் எஃகுத் திருகாணியையும் இணைக்கும் மின்பகு திரவமாகிறது. இரு வேறு உலோகங்களும் ஒரு மின்பகு திரவமும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம்! அதில் எளிதில் எலெக்ட்ரானை இழப்பது அலுமினியம். ஆகவே அரிக்கப்படுவதும் அதுவே. திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி தோன்றும். துளை மெல்ல மெல்ல அகலும். ஒரு நாள் தகடு ஆட ஆரம்பிக்கும். உலோகங்களின் இத்தகைய அரிப்பை ஆராய்வதற்கென்றே நம் நாட்டில் ஒரு பெரிய ஆய்வகம் உண்டு. 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்தான் அது.

மாட்டத்தான் வேண்டுமென்றால்

உலோகத் தகடு கூடவே கூடாது என்று சொல்வது நம் நோக்கமன்று. மாட்டுவதானால் அறிந்து மாட்ட வேண்டும். கீழ்க்காணும் முறையைக் கையாளுங்கள்.

முதலாவது, தேர்வு. உங்கள் காரின் அந்த மாதிரிக்கென்றே செய்யப்பட்ட தகட்டை வாங்குங்கள். மேலே ரப்பர்க் குமிழ்கள் நெருக்கமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். குமிழ்கள் இல்லாத வழவழத் தகட்டைத் தொடவே தொடாதீர்கள். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்பது எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாததாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, துளையிடாதீர்கள். பிரேக் பெடல் அவசரத்தில் ஓர் ஆளின் முழு வலுவையும் தாங்க வேண்டிய உறுப்பு. இழுக்கப்படும் அகலமான தகடு ஒன்றில் வட்டத் துளையிட்டால் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்பது பொறியியல் மாணவர் அனைவரும் அறிந்த கணக்கு. பெயின்ட் போன இடத்தில் துருவும் புகும். பின்புறம் பட்டை வைத்து இறுக்கும் வகையோ, பழைய உறையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருந்தும் வகையோ நல்லது.

மூன்றாவது, மாட்டுதல். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பெடலைத் துடைத்து நன்கு உலர விடுங்கள். சோப்போ எண்ணெயோ தடவி உள்ளே நுழைக்காதீர்கள். எவர்சில்வர்த் திருகாணிகளையும், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளையும் பயன்படுத்துங்கள். உலோகங்கள் நேரடியாகத் தொடாதபடி நைலான் வாஷர் வைத்தால் அரிப்பு குறையும். திருகாணியின் முனை பின்னால் நீண்டு தரைவிரிப்பில் இடிக்கக் கூடாது.

நான்காவது, சோதனை. எஞ்சின் ஓடாத நிலையில் ஒவ்வொரு பெடலையும் அது இயல்பாகப் போகும் அளவு வரை மிதித்து விடுங்கள். தடையின்றிப் போக வேண்டும். விட்டவுடன் முழுவதும் திரும்ப வேண்டும். காலை எடுத்த பிறகும் பின்புறப் பிரேக் விளக்கு எரிந்தால் பெடல் எங்கோ தடைபடுகிறது என்று பொருள். தகட்டைப் பக்கவாட்டில் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். மழைக்கு அணியும் செருப்போடும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துத் திருகாணிகளை மீண்டும் இறுக்குங்கள். பிறகு மாதம் ஒருமுறை வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று கவனியுங்கள். ஆட்டம் கண்ட தகட்டை அன்றே கழற்றிவிடுங்கள்.

மலிவான மருந்து

தகடு மாட்டும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நாள்தோறும் பல மணிநேரம் ஓடும் டாக்சிகளிலும் சுமை வண்டிகளிலும் பிரேக் உறையைக் குனிந்து பாருங்கள். பள்ளங்கள் மழுங்கி, நடுவே ரப்பர் தேய்ந்து, சிலவற்றில் அடியிலுள்ள இரும்பு பளபளவென்று தெரியும். பணம் கொடுத்து வாங்காமலே அவ்வண்டியில் உலோகப் பெடல் வந்துவிட்டது! அதுவும் குமிழ்கள் இல்லாத வழவழப் பெடல். இதற்கு மருந்து புதிய ரப்பர் உறைதான். டேஷ்போர்டுக்கு மினுமினுப்பு ஏற்றும் பாலிஷைப் பெடலில் தடவும் பழக்கமும் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும், காலும் வழுக்கும்.

மாணவர்களே, இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் எவர்சில்வர்த் தட்டின் மட்டமான அடிப்பக்கத்தில் ஒரு செருப்பை வையுங்கள். தட்டை மெல்லச் சாய்த்து, செருப்பு வழுக்கத் தொடங்கும் கோணத்தைக் கோணமானியால் அளந்துகொள்ளுங்கள். அக்கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். பிறகு தட்டில் நீர் தெளித்து அளவிடுங்கள். அடுத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி அளவிடுங்கள். கடைசியாகப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரித்துத் தட்டின்மேல் கட்டி, நனைத்து அளவிடுங்கள். நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி, வண்டி ஓட்டும் உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ காட்டுங்கள். பிறகு அவருடனே போய், அவர் வண்டியின் பிரேக் பெடலை இருவருமாகக் குனிந்து பாருங்கள்.